பல் ஆடுதா, மூக்கு ஒழுகுதா? கன்ன எலும்பு இம்ப்ளாண்ட்டில் கோளாறு தேடும் வழி

"டாக்டர் சார், அப்பாவுக்கு வச்ச பல்லு ஆடுது. இம்ப்ளாண்ட் போயிடுச்சா?" என்று மகன் ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிடுவார். பின்னணியில் அப்பா, "அவ்வளவு காசு குடுத்தோமே" என்று புலம்புவது கேட்கும். மறுநாள் வரச்சொல்லி ஒரு சின்ன ஸ்க்ரூவை மாற்றி இறுக்கினால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். இன்னொரு வகை ஆள் போன் செய்யவே மாட்டார். ஆறு மாதம் கழித்து வேறு வேலையாக வந்தவர், எழுந்து போகும்போது, "ஒரு பக்க மூக்குல லேசா நாத்தம், மத்தபடி ஒண்ணுமில்ல" என்பார். எனக்கு வயிற்றைக் கலக்குவது இவர்தான்.

மேல்தாடை எலும்பு கரைந்துபோய், கன்ன எலும்பில் பிடிமானம் கொடுத்து நீள இம்ப்ளாண்ட் வைத்தவர்களுக்கும், வைக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், அவர்களை ஊரில் பார்க்க நேரும் பல் மருத்துவர்களுக்கும் இதை எழுதுகிறேன். செயற்கைப் பல்லைத் தாங்க எலும்பில் திருகும் உலோக வேர்தான் இம்ப்ளாண்ட். சாதாரண இம்ப்ளாண்ட்டின் நீளம் 10 மில்லிமீட்டரைச் சுற்றி இருக்கும். ஸைகோமா எனப்படும் இது 30 முதல் 50 மில்லிமீட்டருக்கு மேல்வரை போகும். ஈறில் நுழைந்து, மூக்கோரம் கன்னத்துக்குள் இருக்கும் காற்றறையான சைனஸை ஒட்டியோ ஊடுருவியோ ஏறி, கன்ன எலும்பில் போய் நிற்கும். நான் கோளாறு தேடுவது எப்போதும் பல்லிலிருந்து எலும்பை நோக்கித்தான். முதலில் பல், அப்புறம் பல் வரிசையை இம்ப்ளாண்ட்டோடு பிடிக்கும் ஸ்க்ரூ, பிறகு ஈறு, சைனஸ், எல்லாவற்றுக்கும் கடைசியில் இம்ப்ளாண்ட். செலவும் அதே வரிசையில்தான் ஏறும்.

அறிகுறி 1: "எலும்பே இல்லை, ஸைகோமாதான் வழி என்கிறார்கள்"

இதை அறிகுறி என்று சொல்லலாமா என்று கேட்கலாம். பின்னால் வரும் தொல்லைகளில் பாதி இந்த இடத்தில்தான் விதைக்கப்படுகிறது என்பதால் முதலில் வைத்திருக்கிறேன்.

*செட் பல் நிற்கவில்லை என்பது மட்டும்தான் குறையா?* செட் எத்தனை வருடப் பழசு என்று பாருங்கள். ஈறு சுருங்கிய பிறகும் பழைய செட்டையே போட்டுக்கொண்டிருந்தால் அது ஆடத்தான் செய்யும். உள்பக்கம் புதிதாக அடைத்து ஈறோடு பொருந்தச் செய்தாலே சிலருக்குப் போதும். அதோடு திருப்தியாகப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

*தாடை முழுவதும் விழும் ஓபிஜி எக்ஸ்ரே படத்தை மட்டும் வைத்துச் சொன்னார்களா?* தட்டையான அந்தப் படத்தில் எலும்பின் அகலம் தெரியாது. முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் வேண்டும். இங்கேயும் திரும்பத் திரும்ப ஒரு தவறு நடக்கிறது. பல் பகுதி மட்டும் விழும் சின்ன ஸ்கேனை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதில் கன்ன எலும்பு பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். கண்குழியின் விளிம்பு, கன்ன எலும்பு முழுவதும், சைனஸ் மூக்குக்குள் திறக்கும் வாசல், இந்த மூன்றும் படத்தில் இருக்கவேண்டும். இல்லையென்றால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போகும், போகட்டும்.

*சரியான ஸ்கேன் இருக்கிறதா?* மேல்தாடையை முன்பல் பகுதி, நடுப்பகுதி, கடைவாய் என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். முன்னும் நடுவும் எலும்பு இருந்தால், பின்னிரண்டைச் சாய்த்து வைக்கும் நான்கு சாதாரண இம்ப்ளாண்ட்டுகளே போதலாம். ஸைகோமா தேவையில்லை. முன்னால் மட்டும் இருந்தால் அங்கே இரண்டு முதல் நான்கு சாதாரண இம்ப்ளாண்ட், இரு பக்கமும் ஒவ்வொரு ஸைகோமா. எங்குமே இல்லாவிட்டால்தான் பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஸைகோமா வைக்கும் "குவாட்". செலவில் உச்சம் அதுதான். முன்பக்க இம்ப்ளாண்ட்டின் நுனி கண்குழிக்கு மிக அருகில் போவதால் ஆபத்திலும் அதுதான் உச்சம். குவாட் என்று சொன்னால், வைக்கப்போகிறவர் இதற்கு முன் எத்தனை பேருக்கு வைத்தார், பின்னால் சிக்கல் வந்தால் யார் பார்ப்பார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சைனஸில் எலும்புத் தூள் நிரப்பி உயர்த்தும் வழியும் உண்டு. மாதக்கணக்கில் காத்திருக்க முடிந்தவர்களுக்கு அதையும் எடைபோட வேண்டும்.

*இவற்றில் ஒன்று இருந்தாலும் தேதி குறிக்காதீர்கள்:*

வாய் திறப்பு குறைவு. உங்கள் விரல் மூன்றை அடுக்கி நிமிர்த்தி வாயில் விட்டுப் பாருங்கள். நீளமான ட்ரில் உள்ளே போய்க் கன்னத்தை நோக்கித் திரும்ப வேண்டும். பாக்கும் குட்காவும் மென்று கன்னம் நார்போல் இறுகியவர்களுக்கு இரண்டு விரல்கூடப் போகாது. இதை ஆபரேஷன் மேஜையில் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

ஸ்கேனில் சைனஸ் மூடிக் கிடப்பது, அதன் வாசல் அடைபட்டிருப்பது. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அடைத்த சைனஸுக்குள் இம்ப்ளாண்ட் விடுவது, சாக்கடை அடைத்த வீட்டுக்குப் புதுக் குழாய் போடுகிற மாதிரி.

எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசி. "என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?" என்று கேட்டால் சர்க்கரை, பிரஷர் எல்லாம் சொல்வார்கள். வருடத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஜோலெட்ரோனிக் ஊசி மாத்திரையில் சேராது என்பதால் அதைச் சொல்ல மாட்டார்கள். தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து அந்த ஊசியில் இருக்கிறது. மருந்துச் சீட்டுகளை மூட்டையாகக் கொண்டுவரச் சொல்வது என் வழக்கம்.

கட்டுக்குள் வராத சர்க்கரை. பீடி, சிகரெட்.

கறுப்புப் பூஞ்சை வந்து மேல்தாடையை எடுத்தவர்கள் தனி. கொரோனாவின் இரண்டாம் அலையோடு 2021-ல் அந்த நோய் பரவி, இங்கே எத்தனையோ பேர் பாதித் தாடையை இழந்தார்கள். மேலே பிடிக்க எலும்பே இல்லாதவர்களுக்குப் பல் வைக்க ஸைகோமா உண்மையிலேயே கைகொடுக்கிறது. ஆனால் பூஞ்சை கன்ன எலும்பையும் தொட்டிருக்கலாம். நோய் முழுவதுமாகப் போய்விட்டது என்று அறுவை செய்தவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் எழுதிக் கொடுத்து, புது ஸ்கேனில் கன்ன எலும்பு திடமாகத் தெரிந்தால் மட்டும் பேச்சைத் தொடங்கலாம். இவர்களுக்குச் சாதாரணப் பல் கிளினிக்கில் செய்யவே கூடாது என்பது என் கட்சி.

அறிகுறி 2: வைத்து பத்து நாளுக்குள் முகத்தில் மாற்றம்

*கண்ணைச் சுற்றிக் கருநீலம், கன்னம் வீக்கம், பார்வை சரியாக இருக்கிறது.* ரத்தக்கட்டு. மூன்றாம் நாள் வரை கூடும், ஓரிரு வாரத்தில் பச்சையாகி மஞ்சளாகி மறையும். முதல் நாள் ஐஸ் ஒற்றடம், தலையணையை உயர்த்தி வைத்துத் தூக்கம்.

*இரண்டிரண்டாகத் தெரிகிறது, பார்வை மங்குகிறது, கண் முன்னால் பிதுங்குகிறது, கண்ணுக்குள் வலி ஏறிக்கொண்டே போகிறது.* கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். கண் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவு, அதே நேரம். அரிதான சிக்கல்தான், ஆனால் வந்துவிட்டால் மணிக்கணக்கு முக்கியம். போகிற வழியில் வைத்த டாக்டரைக் கூப்பிட்டு, ஸ்கேன் கோப்பை அனுப்பச் சொல்லுங்கள்.

*கன்னம், மூக்கோரம், மேலுதடு மரத்துப்போய் இருக்கிறது.* கண்ணுக்குக் கீழே வெளிவரும் நரம்பு அறுவையின்போது இழுபட்டிருக்கும். பெரும்பாலும் வாரங்களில், சிலருக்கு மாதங்களில் திரும்பும். எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுப்பு தொடங்கினால் நல்ல சேதி. மரப்பு துளியும் குறையாமல் எரிச்சலும் சேர்ந்தால், இம்ப்ளாண்ட் அந்த நரம்பின் மேல் போகிறதா என்று தாடை முக அறுவை நிபுணர் ஸ்கேனில் பார்க்க வேண்டும்.

*மூக்கில் துளித்துளியாக ரத்தம்.* முதல் இரண்டு மூன்று நாள் வரலாம். மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள், ஸ்ட்ரா வேண்டாம், பீடி கூடவே கூடாது. மூக்கைச் சிந்திய மறுநிமிடம் கன்னம் உப்பி, அழுத்தினால் அப்பளம் நொறுங்குவது போல் இருந்தால் தோலுக்கடியில் காற்று புகுந்திருக்கிறது. அன்றே டாக்டரைப் பாருங்கள். ரத்தம் நில்லாமல் கொட்டினால் அவசரப் பிரிவு. ரத்தம் இளக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அறிகுறி 3: பல் ஆடுகிறது, மெல்லும்போது "டக்" என்கிறது

அதிகம் வரும் அழைப்பு இதுதான். கையைக் கழுவிவிட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள். ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு பல்லாக அழுத்துங்கள். ஒரு பல் மட்டும் ஆடுகிறதா, வரிசை முழுவதும் அசைகிறதா?

*ஒரு பல் மட்டும்.* அக்ரிலிக் பல் கழன்றிருக்கிறது அல்லது விரிசல். லேபில் ஒரு நாள் வேலை. உடனே ஒட்டும் பசையைக் கடையில் வாங்கி ஒட்டிக்கொண்டு வராதீர்கள். அதைச் சுரண்டி எடுப்பதுதான் ஒட்டுவதைவிடப் பெரிய வேலையாகிவிடுகிறது.

*வரிசை முழுவதும் ஒரு பக்கமாக எழும்புகிறது, வலி இல்லை.* ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். வலிக்கவில்லையே என்று இரண்டு வாரம் தள்ளிப்போடுபவர்கள்தான் அதிகம். ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால் அதன் பாரம் பக்கத்து ஸ்க்ரூவுக்குப் போகும், அடுத்து அது உடையும். ஓரிரு நாளுக்குள் போங்கள். அதுவரை இட்லி, ரசம் சாதம், கஞ்சி. முறுக்கு நினைப்பே வேண்டாம்.

போகும்போது இம்ப்ளாண்ட் அட்டையை எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கம்பெனி, என்ன நீளம், எந்த இடத்தில், மேலே போட்ட இணைப்புத் துண்டு எது, எந்த ஸ்க்ரூ என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்களிடம் இல்லையென்றால் வைத்த இடத்தில் இன்றே கேட்டு வாங்குங்கள், ஸ்கேன் கோப்போடு சேர்த்து. அட்டை இல்லாமல் வருபவருக்கு, எந்த ஸ்க்ரூ ட்ரைவர் பொருந்தும் என்று தேடுவதிலேயே என் காலை போய்விடும். தப்பான ட்ரைவரைப் போட்டு ஸ்க்ரூ தலையை வழுக்க விட்டால் ஐந்து நிமிட வேலை அரை நாள் வேலையாகும்.

இனி வருவது பார்க்கிற மருத்துவருக்கு.

பல் வரிசையைக் கழற்றியதும் ஒரு ஸைகோமா இம்ப்ளாண்ட்டைத் தனியாகத் தொட்டுப் பார்ப்பீர்கள். லேசாக வளைந்து கொடுக்கும். முதல் தடவை பார்ப்பவருக்குத் தூக்கிவாரிப் போடும், எனக்கும் போட்டது. நீளக் கம்பியின் தூர நுனி மட்டும் எலும்பில் இறுகியிருந்தால் இந்தப் பக்கம் அப்படித்தான் கொஞ்சம் துள்ளும். வலி இல்லாத அந்தத் துள்ளலை மட்டும் வைத்து "போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். தட்டினால் வலி, சீழ், திருகினால் சுற்றுவது, இவை வேறு கதை. அப்போது உடனே அறுவை நிபுணர். எப்படியிருந்தாலும் எல்லா இம்ப்ளாண்ட்டையும் விறைப்பாகச் சேர்த்துப் பிடிப்பது பல் வரிசைதான். அதைக் கழற்றி லேபுக்கு அனுப்பிவிட்டு இம்ப்ளாண்ட்டுகளைத் தனித்தனியாக நாட்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. அன்றே திரும்ப மாட்டுங்கள், இல்லையேல் தற்காலிக வரிசையைப் போடுங்கள்.

தளர்ந்த பழைய ஸ்க்ரூவையே திரும்பத் திருகாமல் புதியது போடுங்கள். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை நிதானத்தில் இறுக்கக் கூடாது. பல் வரிசையைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூவுக்குப் பொதுவாக 15 நியூட்டன் சென்டிமீட்டர். அதன் கீழே இணைப்புத் துண்டைப் பிடிப்பதற்கு வகையைப் பொறுத்து 35 வரை. கம்பெனித் தாளில் இருப்பதே கடைசி வார்த்தை.

ஒரே ஸ்க்ரூ வருடத்துக்குள் மூன்று முறை தளர்ந்தால் நான்காம் முறை நான் இறுக்க மாட்டேன். குற்றம் அதன் மேல் இல்லை. கடி உயரத்தைப் பாருங்கள், கலர் பேப்பரில் அந்தப் பக்கம் மட்டும் அழுத்தமாகக் குறி விழும். கடைசி இம்ப்ளாண்ட்டுக்குப் பின்னால் பல் அந்தரத்தில் நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பொருத்தம்: ஒரு ஓர ஸ்க்ரூவை மட்டும் இறுக்கினால் மறு ஓரம் தூக்குகிறதா? தூக்கினால் உள்ளே இருக்கும் உலோகச் சட்டம் சரியாக உட்காரவில்லை. அளவு புதிதாக எடுத்துச் சட்டத்தை மாற்றுவதுதான் வழி, அதுதான் இந்தப் பகுதியில் பெரிய செலவு. ராத்திரி பல் நறநறப்பவர் என்றால் காவல் தட்டும் கொடுங்கள்.

இம்ப்ளாண்ட் உண்மையிலேயே போவது எப்போது? 2016-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில் 4,556 ஸைகோமா இம்ப்ளாண்ட்டுகளில் 103 தோற்றிருந்தன, அவற்றில் பெரும்பாலானவை முதல் ஆறு மாதத்துக்குள். ஆறு மாதம் தாண்டிய ஆள் "ஆடுது" என்று வந்தால் நான் முதலில் ஸ்க்ரூவைச் சந்தேகப்படுவது அதனால்தான். ஆறு மாதத்துக்குள் வந்தால் ஸ்கேனையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

அறிகுறி 4: மூக்கில் ஒழுகல், நாற்றம், குடித்த தண்ணீர் மூக்கில் வருவது

*இரண்டு பக்கமும் தண்ணீராக, தும்மலோடு.* சளி, ஒவ்வாமை. மார்கழிப் பனிக்கு எல்லோருக்கும் வருவதுதான். பத்து நாளில் போகாவிட்டால் கீழே படியுங்கள்.

*ஒரு பக்கம் மட்டும், கெட்டியாக, நாற்றத்தோடு.* அது இம்ப்ளாண்ட் இருக்கிற பக்கமாக இருந்தால் சைனஸில் புண் என்றே வைத்துக்கொண்டு தேட வேண்டும். ஸைகோமாவில் பிற்காலத்தில் அதிகம் தலைகாட்டும் தொல்லை இதுதான். வலி இல்லாமலும் இருக்கும்.

*கொப்பளித்தால் தண்ணீர் மூக்கில் வருகிறது.* வாய்க்கும் சைனஸுக்கும் நடுவே ஓட்டை. வெறும் தண்ணீரை ஒரு மடக்கு வாயில் வைத்து, தலையைக் குனிந்து, மெதுவாகக் கொப்பளித்துப் பாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதும் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள், இல்லாத ஓட்டையும் அதில் உண்டாகும்.

காரணங்களைச் சுலபத்திலிருந்து சொல்கிறேன். பல் வரிசைக்கடியில் உணவு தங்கி அழுகுவது: கழற்றிச் சுத்தம் செய்தால் நாற்றம் போய்விடும், நாற்றம் மூக்கிலிருந்து வந்ததே இல்லை என்று தெரியும். அடுத்தது சைனஸ் வாசல் அடைப்பு, பல சமயம் அறுவைக்கு முன்பே இருந்து யாரும் பார்க்காதது. அதற்கு மருந்து, பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப்பால் வாசலை அகலப்படுத்துவது. அதற்கடுத்து இம்ப்ளாண்ட் கழுத்தைச் சுற்றி ஈறு மூடாமல் ஓட்டை நிற்பது. கன்னக் கொழுப்பை நகர்த்தி மூடுவது போன்ற அறுவை வேண்டும். கடைசியாக, இம்ப்ளாண்ட்டே தளர்ந்து உள்ளே புண்ணை வளர்ப்பது.

சைனஸ் புண் என்றதும் "இம்ப்ளாண்ட்டைப் பிடுங்கு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இம்ப்ளாண்ட் ஆடாமல் உறுதியாக நின்றால், அதை வைத்துக்கொண்டே சைனஸைக் குணப்படுத்த முடிவது சகஜம். எடுக்கலாமா என்ற முடிவைக் காது மூக்கு தொண்டை மருத்துவரும் இம்ப்ளாண்ட் வைத்தவரும் ஒரே ஸ்கேனைப் பார்த்துச் சேர்ந்து எடுக்கட்டும். இரண்டு பேரும் தனித்தனியாகச் சீட்டு எழுதி, நோயாளி நடுவில் அலைவதுதான் வழக்கமாக நடக்கிறது.

ஒரு தடவை டாக்டர் எழுதிய ஆன்டிபயாட்டிக் கோர்ஸில் குறைந்து மறுபடி வந்தால், மருந்துக் கடையில் நீங்களாக இரண்டாவது கோர்ஸ் வாங்காதீர்கள். ஸ்கேன் எடுக்கிற நேரம் அது. காய்ச்சல், கண்ணிமை வீக்கம், தாங்க முடியாத தலைவலி சேர்ந்தால் அன்று ராத்திரியே ஆஸ்பத்திரி.

அறிகுறி 5: ஈறு விலகி உலோகம் தெரிகிறது

*சிவப்பில்லை, சீழில்லை.* அவசரமில்லை. தாடையின் வெளிப்பக்கம் உள்வளைந்திருப்பவர்களுக்கு இம்ப்ளாண்ட் எலும்புக்கு வெளியே ஓடி, மெல்லிய ஈறு மட்டும் அதை மூடியிருக்கும். பார்சிலோனாவின் இம்ப்ளாண்ட் மருத்துவர் கார்லோஸ் அபாரிசியோ இந்த வளைவை 0 முதல் 4 வரை ஐந்து வகையாகப் பிரித்து, பாதையை அதற்கேற்ப மாற்றச் சொன்னது இதனால்தான். சுத்தமாக வைத்துக்கொள்ள, பல்லிடுக்கில் விடும் சூப்பர் ஃப்ளாஸ் நூல், குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும் கருவி. நீரை ஈறுக்குள் மேல்நோக்கிப் பீய்ச்சாமல் பக்கவாட்டில் பிடியுங்கள். குளோர்ஹெக்சிடின் கொப்பளிக்கும் மருந்து இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம், பல்லில் கறை ஏறும்.

*சீழ், ரத்தம், அல்லது தெரியும் உலோகம் மாதத்துக்கு மாதம் நீள்கிறது.* சுத்தம் செய்து பயனில்லை. வெளியே தெரியும் மரைகளை வழவழப்பாக்குவதா, ஈறு ஒட்டுவதா என்று அறுவை நிபுணர் முடிவுசெய்யட்டும். மாதம் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் நீள்கிறதா என்ற வாக்குவாதமே வராது.

அறிகுறி 6: பேச்சு குழறுகிறது

முதல் இரண்டு மூன்று வாரம் எல்லோருக்கும் குழறும். தினமும் கால் மணி நேரம் பேப்பரைச் சத்தமாகப் படியுங்கள். அதன்பிறகும் நின்றால் எந்த எழுத்து என்று கண்டுபிடியுங்கள்.

*ச, ஸ விசில் அடிக்கிறது.* முன்பல்லின் பின்புறமோ பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலோ காற்று கசிகிறது. அந்த இடத்தில் அக்ரிலிக் சேர்த்தால் போதும்.

*ட, ண, ள, ழ கெட்டியாக வருகிறது.* நாக்கு மடங்கி மேல் அண்ணத்தைத் தேடும் எழுத்துகள் இவை, அங்கே பல் வரிசை தடித்திருக்கிறது. "வாழைப்பழத் தோல் வழுக்கி ஏழைக் கிழவன் விழுந்தான்" என்று மூன்று முறை சொல்லச் சொல்வேன். நாக்கு எங்கே முட்டுகிறது என்று அவர்களே விரலை வைத்துக் காட்டிவிடுவார்கள். அக்ரிலிக் தடிமன் என்றால் அரை மணி நேரம் ராவினால் தீரும். இம்ப்ளாண்ட் தலையே அண்ணத்தின் நடுப்பக்கமாக வந்திருந்தால் சுலப வழி இல்லை. ஸ்வீடனில் இம்ப்ளாண்ட் முன்னோடி பிரோனமார்க் வகுத்த பழைய முறையில், சைனஸுக்குள் போகும் இம்ப்ளாண்ட்டின் தலை பெரும்பாலும் அப்படித்தான் உள்ளே தள்ளி வரும். சாய்வு இணைப்புத் துண்டை மாற்றிக் கொஞ்சம் குறைக்கலாம், முழுதாகப் போகாது. அறுவைக்கு முன்பே மெழுகுப் பல் வரிசையை வாயில் வைத்து, பல் எங்கே வரப்போகிறது என்று பார்த்து, இம்ப்ளாண்ட் தலையை அதற்கு நேராகக் கொண்டுவரத் திட்டமிட்டிருக்க வேண்டும்.

தற்காலிக வரிசை வாயில் இருக்கும் நாலைந்து மாதத்துக்குள் எல்லாக் குறையையும் சொல்லிவிடுங்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், குழறிய சொற்களையெல்லாம் பேப்பரில் சிவப்பு மையால் வட்டமிட்டு நான்கு பக்கம் கொண்டுவந்தார். முக்கால்வாசி ழகரம். அன்று ராவியதோடு சரி. கடினமான ஜிர்கோனியாவில் நிரந்தர வரிசை செய்து மாட்டிய பிறகு அதே நான்கு பக்கத்தோடு வந்திருந்தால் நானும் லேபும் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்போம்.